கயிற்றின் மறுமுனையில் யார்

மகாராஷ்டிரத்துப் பவனா நீர்த்தேக்கத்தில், காற்று எழுமுன் காலையில் ஒரு பொழுது உண்டு. திகோனா மலையின் நிழல் மடிப்புக் கலையாத பட்டுத்துணிபோல நீர்மேல் விரிந்து கிடக்கும். கரையோரம் நாரை ஒன்று கால் மாற்றி வைத்தால், அதன் காலடியில் பிறந்த வளையம் நெடுந்தொலைவு வரை சிதையாமல் நகர்ந்துபோகும். அந்தப் பொழுதை உறங்கிக் கழிப்பதைத் தெய்வக் குற்றமாக எண்ணுகிற ஒருத்தி கசார்வாடியில் இருக்கிறாள். பெயர் பவுன். வாரத்தில் ஆறு நாள் தளேகாவ் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் செய்யும் ஆலையொன்றில் தரச்சோதனை மேசைமுன் நிற்பாள். ஏழாம் நாள் நீர்மேல் நிற்பாள்.

அவள் ஆடுவது ஸ்லாலம் என்னும் நீர்ச்சறுக்கு. விசைப்படகு நேர்கோட்டில் ஓட, அதன் பின்னே கயிற்றைப் பற்றியபடி ஒற்றைப் பலகையில் சறுக்க வேண்டும். படகு செல்லும் பாதையின் இருமருங்கிலும் மாறி மாறி ஆறு மிதவைகள். பாதையின் தொடக்கத்திலுள்ள வாயிலில் நுழைந்து, ஆறு மிதவைகளையும் வெளிப்புறமாகச் சுற்றி, கடைவாயிலில் வெளியேற வேண்டும். முழுமையாகச் செய்து முடித்தால் அடுத்த ஓட்டத்தில் படகின் வேகம் மூன்று கிலோமீட்டர் கூடும். ஒரு மிதவை தவறினாலும் ஆட்டம் அந்த இடத்திலேயே முற்றுப்பெறும். விதி இவ்வளவே. சொல்ல எளிது, அதற்குள் ஒரு மனித உடல் கற்றுக்கொள்ள வேண்டியதற்கோ முடிவில்லை.

பவுனின் தந்தை கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கக் குடியாத்தத்திலிருந்து வந்தவர். தொழிலாளர் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் அவள் மீன்போல் வளர்ந்தாள். மணமுடித்த ஜெகதீசன் கசார்வாடியில் என்ஜின் பழுது பார்ப்பவன். என்ஜினைத் திறக்குமுன் காது வைத்துக் கேட்கும் பழக்கமுள்ளவன். பவனாவில் இயங்கும் நீர்ச்சறுக்குக் குழுவினர் தம் படகைப் பராமரிக்க அவனை அழைத்தனர். பிறகு ஓட்டவும் அவனையே வைத்துக்கொண்டனர். ஞாயிறுதோறும் சோற்றுத் தூக்கோடு உடன் சென்ற பவுன், ஒருநாள் கயிற்றைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. அன்று நீரில் விழுந்து விழுந்து எழுந்தவள், இன்றுவரை ஞாயிறு தவறியதில்லை. அவர்கள் மகள் ராஜி பள்ளியில், "எங்கம்மா தண்ணி மேல ஓடுவாங்க" என்று சொன்னபோது, ஆசிரியை அவளை அழைத்துப் பொய் சொல்லலாகாது என்று அன்போடு அறிவுறுத்தி அனுப்பினாராம்.

பவுனுக்கு ஓர் ஆசை இருந்தது. மகாராஷ்டிர அணியில் இடம்பெற வேண்டும். தேசியப் போட்டிக்குச் செல்லும் பெண்கள் அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்தில், நாற்பத்தொன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆறு மிதவைகளையும் முடித்து வெளியேறுபவர்க்கே இடம். அந்த எண்ணைத் தவிர வேறு வரத்தை அவள் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

ஒரு முறை, நாற்பத்துமூன்றில் ஆடும்போது, கைப்பிடி நழுவி அவள் விலா நீரில் அறைபட விழுந்தாள். அந்த வேகத்தில் நீர் கல்தளம்போல் கடினமாகும். மூச்சு அடைத்துக்கிடந்தவளை நோக்கி, படகை உடனிருந்த கவனிப்பாளர் கையில் விட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றாமல் ஜெகதீசன் நீரில் குதித்தான். விலா தேற ஒரு பருவமாயிற்று. தேறியதும் அவள் மறுபடி கயிற்றைப் பிடித்தாள். அவன் தடுக்கவில்லை. அதைப் பவுன் தன் பேறு என்றே எண்ணினாள்.

அதன்பின் ஒரு சங்கடம் தொடங்கியது. மிதவையைச் சுற்றித் திரும்பிக் கயிறு இறுகும் வேளையில் பலகையின் பின்பகுதி நீரில் அமிழ்ந்தது. எழுவதற்குள் அடுத்த மிதவை அருகே வந்துவிடும். நாற்பத்தாறில் நான்காவதைத் தாண்டுவது பெரும்பாடாயிற்று.

"எடை கூடிருச்சோ என்னவோ," என்றாள் பவுன், கரையில் அமர்ந்து, பலகையோடு பிணைந்த பூட் என்னும் காலணியைக் கழற்றியபடி.

"போன வாரம் பிரியாணிய ரெண்டாவது தடவ வாங்கினது நான்தான், நீங்க இல்ல," என்றாள் ஷஃபானா. கசார்வாடியில் கார் இருக்கைகளுக்கு ரெக்ஸின் தைக்கும் கடையைத் தம்பி ஆசிஃபோடு சேர்ந்து நடத்துபவள் அவள். குழுவில் பவுனுக்கு நிகராக ஆடும் ஒரே பெண். உயரத்திலும் எடையிலும் ஏறக்குறைய அவளைப் போலவே இருப்பவள். வாய் மட்டும் இருமடங்கு.

ஔந்துப் பகுதி அடுக்ககத்தில் வாழும் கணினிப் பொறியாளன் அபினவும் குழுவில் ஒருவன், பலகைகளைப் பற்றித் தான் படித்தவற்றையெல்லாம் சொல்லக் காத்திருப்பவன். "அக்கா, உங்க ஸ்கீ ரொம்ப நேரோ. அதான் முழுகுது. கொஞ்சம் வைட் எடுங்க. தண்ணி மேலயே நிக்கும். சார்ட்ல அப்படித்தான் இருக்கு," என்றான் தன் தயங்கும் தமிழில். அவன் சொன்னதில் பிழையில்லை. அகன்ற பலகை நீர்மேல் மிதந்து நிற்கும், மெதுவான வேகத்திலும் அமிழாது. குறுகிய பலகை வேகத்தில்தான் உயிர்பெறும். மிதவையின்முன் எளிதில் வேகம் அடங்கும், கூர்மையாய்த் திரும்பும். உடல் எடையும் ஓடும் வேகமும் பார்த்தே பலகை தேர வேண்டும். பவுன் தன் எடையையும் நாற்பத்தாறு என்ற வேகத்தையும் அமிழ்கிற குறையையும் சொன்னாள். அவற்றுக்குப் பொருந்திய விடையை அவன் கொடுத்தான்.

அகன்ற பலகை வந்தது. அமிழ்வது நின்றது. நாற்பத்தாறு முடிந்தது, மழைக்காலத்துக்கு முன்பே நாற்பத்தொன்பதும் முடிந்தது. அன்று கடைவாயிலைக் கடந்து கைப்பிடியை விட்டு நீரில் அமர்ந்த பவுன், வானத்தை நோக்கி இருகரங்களையும் குவித்தாள். படகில் ஜெகதீசன் சிரித்தான். ஆனால் அவன் சிரிப்பு சற்றுத் தாமதமாகவே வந்தது என்பதை அவள் பின்னாளில்தான் நினைத்துப் பார்த்தாள்.

அவ்வாண்டுத் தேர்வாட்டம் வேறொரு மாவட்டத்து ஏரியில் நடந்தது. வேறு படகு, வேறு ஓட்டுநர். பவுன் நாற்பத்தாறில் தொடங்கினாள். தனக்கு அது வெந்நீர் வைப்பது போன்ற வேலை என்று எண்ணியிருந்தாள். முதல் மிதவையிலேயே பலகை நிற்காமல் நெடுந்தூரம் ஓடியது. இரண்டாவதைப் பிந்திச் சுற்றினாள். மூன்றாவதை நோக்கி இழுக்கையில் கயிறு தோளைப் பிய்ப்பதுபோல் அவளைப் பிடுங்கியது. முகம் குப்புற விழுந்தாள். இரண்டு மிதவைகள். அவ்வளவே அவள் கணக்கில் ஏறியது.

எல்லோரும் டெம்போவில் திரும்பினார்கள். சாலையோரக் கடையில் ஜெகதீசன் வடா பாவ் வாங்கிவந்து நீட்டினான்.

"அந்த ஏரியில தண்ணி கெட்டி," என்றான்.

"தண்ணியில கெட்டி, எளசுன்னு இருக்குதா?" என்று கேட்டாள் பவுன்.

"அண்ணே, அது தேங்காய்ங்க," என்றாள் ஷஃபானா பின்னிருக்கையிலிருந்து. அவன் சிரிக்கவில்லை. வழக்கமாக அவள் பகடிக்கு முதலில் சிரிப்பவன் அவனே.

ஆலையில் பழுது காணும் முறை ஒன்று உண்டு. பல்சக்கரம் பிழைபட்டால் பொருள், கருவி, எந்திரம், கை ஆகியவற்றில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஏனையவற்றை அப்படியே வைத்துப் பார்ப்பார்கள். பிழை போனால் அது மாற்றிய இடத்தில் இருந்தது என்று பொருள். பவுன் மனத்துக்குள் அதைச் செய்தாள். பலகை மாறவில்லை. பூட் மாறவில்லை. கைப்பிடி அவளுடையதே. மாறியவை நீரும் படகும் ஓட்டுநரும். ஓட்டுநர் அனுபவசாலி, நடுவர்கள் வேகத்தைச் சரிபார்த்தே குறித்தார்கள். ஆகவே நீர்தான், அல்லது தன் அச்சம்தான் என்று முடிவு கட்டினாள். தன் வீட்டுப் படகையும் அதை ஓட்டுபவனையும் அவள் அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை. வீட்டு உப்பின் கரிப்பை யார் அளந்து பார்ப்பார்கள்?

அடுத்த ஞாயிறு, விளையாட்டாக, ஷஃபானா அந்த அகன்ற பலகையில் ஏறினாள். பவுன் படகில் பின்னோக்கி அமர்ந்து கவனிப்பாளராக இருந்தாள். படகு ஓட்டுபவர் முன்னே பார்க்க, சறுக்குபவரைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவர் படகில் இருப்பது கட்டாயம். நாற்பத்தாறில் ஷஃபானா மூன்றாம் மிதவையைத் தாண்டியும் நிற்காமல் கரையை நோக்கி ஓடி, கயிற்றை விட்டுவிட்டாள்.

படகு அருகே வந்ததும் தலைநீரை உதறினாள். "அக்கா, இது ஸ்கீயா டவுன் பஸ்ஸா? பிரேக்கே புடிக்க மாட்டேங்குது. இதுல எப்படி நீங்க நாப்பத்தொன்பது போனீங்க?"

 வேறொன்று பவுனின் செவியில் தங்கிவிட்டது. ஷஃபானா ஒவ்வொரு மிதவையிலிருந்தும் திரும்பிக் கயிற்றை இழுத்தபோது, பவுனின் முதுகுக்குப் பின்னால் என்ஜின் ஒருமுறை உறுமியது. சறுக்குபவர் இழுக்கும்போது படகு பின்வாங்கப் பார்க்கும். வேகம் குன்றாமலிருக்க ஓட்டுநர் அந்தக் கணத்தில் விசையைச் சிறிது முன்தள்ள வேண்டும். ஓர் ஓட்டத்தில் ஆறு இழுப்பு, ஆறு உறுமல். ஆண்டுக்கணக்கில் கேட்ட ஒலிதான். கோயில் மணிபோலப் பழகிப்போனதால் கேளாமலே கேட்ட ஒலி.

தன் முறை வந்தபோது பவுன் மிதவையைப் பார்க்கவில்லை, கேட்டாள். முதல் இழுப்பு. நீரின் சீறல் மட்டுமே. இரண்டாம் இழுப்பு. அதே சீறல். உறுமல் வரவில்லை. படகு அவளுக்காகத் தளர்ந்து, அவளுக்காகக் காத்து, பிறகு மெல்ல ஓடிற்று. மிதவையிலிருந்து திரும்புகிற கணத்தில் இழுவிசை இல்லாமல் போனதால்தான் அவள் குறுகிய பலகை அமிழ்ந்திருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கவே அகன்ற பலகை வாங்கினாள். அந்தப் பலகையைக் கொண்டுபோய் உண்மையான வேகத்தில் வைத்ததும் அது அவளைத் தூக்கி எறிந்தது. நோய் படகில் இருக்க, மருந்தைத் தன் காலில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

நான்காம் மிதவையருகே அவளாகவே கைப்பிடியை விட்டாள்.

கரையில் ஷஃபானா போஹா என்னும் அவல் உப்புமா டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். ஜெகதீசன் என்ஜின் மூடியைத் தூக்கி, துடைக்க வேண்டாததைத் துடைத்துக்கொண்டிருந்தான். பவுன் அவன் அருகே போய் நின்றாள்.

"ஷஃபானா இழுத்தா இன்ஜின் உறுமுது. நான் இழுத்தா உறுமல."

"காத்துல கேட்டிருக்காது."

"காத்தே இல்லீங்க."

அவன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "கொறைக்கல பவுனு. கூட்டல. அவ்ளோதான்."

"ரெண்டும் இன்னா வேற வேறயா?"

படகின் முன்கண்ணாடிக்கு மேலே, பின்னே வருபவரைக் காட்டும் அகன்ற கண்ணாடி ஒன்று உண்டு. அவன் அதைச் சுட்டினான். "இதுல உன் மூஞ்சி தெரியுது. பல்லக் கடிச்சுக்கினு நீ இழுக்கறப்ப இந்தக் கை முன்னால போமாட்டேங்குது. நானா நிறுத்தல. போமாட்டேங்குது."

"எப்பலருந்து?"

"விலா அடிபட்டுதே, அதுலருந்துன்னு நெனைக்கறேன்."

ஷஃபானா போஹா டப்பாவை ஓசையின்றி மூடிவிட்டு, அபினவைக் கையசைத்து அழைத்துக்கொண்டு மெதுவாக அப்பால் நடந்தாள்.

"அப்ப நான் முடிச்ச நாப்பத்தொன்பது?" என்று கேட்டாள் பவுன்.

ஜெகதீசன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாப்பத்தஞ்சு இருக்கும்."

அவள் சினத்தில் சொல்லெடுப்பவள் அல்லள். அன்று வீடு சேரும்வரை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. வானத்தை நோக்கித் தான் கரம் குவித்த காலையை நினைக்கும்போதெல்லாம் உடல் கூசியது. பிறர் இரங்கி இட்டதை வென்றதாகக் கொண்டாடியிருக்கிறாள். அவன் கெடுதல் நினைத்துச் செய்திருந்தால் வெறுத்துவிடலாம்; அதற்கும் அவன் இடம் வைக்கவில்லை. வேறு ஓட்டுநரை வைத்துப் பயிலலாம் என்றால், பவனாவில் அவனையன்றி அந்தப் படகை நேர்கோட்டில் ஓட்டவல்லவர் இல்லை. கண்ணாடியைத் திருப்பிவைக்கலாம். அதைத் தன் பங்குக்கு அவன் மறுவாரமே செய்தான். பயனில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கயிற்றைக் கொடுத்ததுமே அவன் கை தளர்ந்தது.

வழி ஆலையிலிருந்து வந்தது. அங்கே சக்கரங்களைச் சோதிப்பவரையே சோதிக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஏற்கெனவே அளந்து தீர்ப்புச் சொன்ன பல்சக்கரங்களை மற்றவற்றோடு கலந்து, அடையாளம் ஏதுமின்றி, மீண்டும் அவர் மேசைக்கே அனுப்புவார்கள். எது முன்பு பார்த்தது என்று அவருக்குத் தெரியாது. தெரியாதபோதுதான் கை உண்மை பேசும். ஒருநாள் மேலாளர் அப்படிக் கலந்து அனுப்பிய தட்டு பவுனின் மேசைக்கு வந்தது. அவள் ஒரு சக்கரத்தைக் கையில் எடுத்தபடி நெடுநேரம் அளக்காமல் நின்றாள்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதன்முறையாக வாய் திறந்தாள். "நான்தான்னு தெரிஞ்சாத்தான கை நிக்குது? யாருன்னே தெரியாம ஓட்டுங்க."

ஜெகதீசன் நிமிர்ந்து பார்த்தான். பத்து நாளுக்குப் பிறகு கேட்ட குரல். அவள் என்ன கேட்டிருந்தாலும் அவன் ஒப்பியிருப்பான்.

ஏற்பாடு இதுதான். ஷஃபானா தன் கடையின் ரெக்ஸினில் பின்கண்ணாடிக்கு ஓர் உறை தைத்துவந்தாள். இழுத்துக் கட்ட நாடாவும் வைத்திருந்தாள். பவுனும் அவளும் ஒரே நிற மிதப்புச் சட்டை அணிந்து மிதக்கும் மேடையின் நுனியில் அமர்வார்கள். ஜெகதீசன் திரும்பிப் பார்க்கலாகாது. கவனிப்பாளனாய் அபினவ் அமர்ந்து, இருவரில் ஒருவர் கயிற்றை எடுத்ததும் "கிளம்பு" என்று மட்டும் சொல்வான். விழுந்தாலும் பெயர் சொல்லலாகாது.

"கண்ணக் கட்டிக்கினு தாலி கட்டச் சொல்ற மாதிரி இருக்குது," என்றான் ஜெகதீசன்.

"அண்ணே, எங்கள்ள நிக்காஹ் அப்படித்தான். முகம் அப்புறம்தான் பாப்போம். நல்லாத்தான் போகுது," என்றாள் ஷஃபானா.

முதல் ஓட்டம் நாற்பத்தாறில் விடப்பட்டது. ஒவ்வோர் இழுப்புக்கும் என்ஜின் உறுமிற்று. மூன்றாம் மிதவையில் சறுக்கியவர் விழுந்தார். படகு வளைந்து நின்றது.

"ஷஃபானா, இடுப்பு பின்னால போவுது பாரு," என்றான் ஜெகதீசன், படகு இழுபட்டதை வைத்து ஊகித்து, முன்னேயே பார்த்தபடி.

"நான் இங்க டீ குடிச்சிட்டிருக்கேன் அண்ணே," என்ற குரல் மேடையிலிருந்து வந்தது.

அவன் கை ஸ்டீயரிங்கின் மேல் அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கலாகாது என்பதால் அவன் பார்க்கவில்லை. அபினவ்தான் பார்த்துச் சொன்னான்: "அண்ணா, நோ டென்ஷன். சிரிக்கிறாங்க."

பவுன் உண்மையிலேயே சிரித்தாள். கயிறு அவளைப் பிடுங்கியிருந்தது, தோள் எரிந்தது, மூக்கில் நீர் ஏறியிருந்தது. ஆயினும் இரண்டாண்டுக்குப் பின் முதன்முறையாக அவள் பவனாவில் உண்மையான நாற்பத்தாறின் பின்னே நின்றிருந்தாள்.

அதன்பின் அவள் செய்ததைத்தான் வியக்க வேண்டியிருக்கிறது. நாற்பத்தொன்பதை எட்டியவள் என்று குழு முழுவதும் அறிந்திருந்த பெண், தானே கேட்டு, நாற்பதுக்கு இறங்கினாள். புதிதாய் வந்தவர்கள் பயிலும் வேகம் அது. கரையில் நிற்பவர் என்ன நினைப்பார் என்ற எண்ணத்தை மேடையிலேயே விட்டுவிட்டாள். அகன்ற பலகையைக் கழற்றினாள். படகுக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த தன் பழைய குறுகிய பலகையை எடுத்துக் கழுவினாள்.

அகன்ற பலகை எங்கே போயிற்று என்பதும் சொல்லத்தக்கது. அபினவ் நல்ல உடற்கட்டுள்ளவன். படத்தில் உலக வீரர் ஒருவர் வைத்திருந்ததைக் கண்டு மிகக் குறுகிய போட்டிப் பலகை வாங்கியிருந்தான். கிளம்பும்போதே முழங்கால்வரை அமிழ்ந்து, நீரைக் குடித்த பின்னரே எழுவான். குறை பலகையின் அடியிலுள்ள ஃபின் என்னும் துடுப்புத் தகட்டில் இருப்பதாகக் கருதி, வாரந்தோறும் வெர்னியர் அளவுகருவியால் அளந்து அதை மயிரிழை மயிரிழையாய் நகர்த்துவான்.

"இத ஒரு தடவ போட்டுப் பாரு," என்றாள் பவுன், அகன்ற பலகையை நீட்டி.

"அக்கா, இது பிகினர்ஸ்து மாதிரி தெரியும்."

"உன் எடைக்கும் உன் வேகத்துக்கும் பாரு. போட்டோவுக்குப் பாக்காத."

அவன் அதில் ஏறியதும் தக்கைபோல் எழுந்து நின்றான். எழுந்த வியப்பில் கயிற்றையே விட்டுவிட்டான். அதற்கடுத்த வாரம் பவுனின் பலகையில் ஃபின்னை அளந்து தரட்டுமா என்று கேட்டான். "வாரம் பூரா வெர்னியர்தான் புடிக்கறேன். ஞாயித்துக்கிழம அத என் கண்ணுல காட்டாத," என்று சொல்லி, செய்தவர் வைத்த அளவிலேயே பருவம் முழுவதும் ஃபின்னை வைத்திருந்தாள். பலகை மாறாதிருந்தால்தான் தான் மாறியது தெரியும் என்பது அவள் எண்ணம்.

முன்காலுக்கான பூட் மட்டும் மாற வேண்டியிருந்தது. குதிகால் உள்ளே எழும்பினால் கால் சொல்வது பலகைக்குக் கேட்காது. இறுக்கமான பூட்டைத் தேர்ந்தாள். சோப்புநீர் தடவினால்தான் கால் நுழையும், ஆனால் விழும்போது கழன்றுவிடவும் வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே தன் பாதத்துக்குரிய இறுக்கத்தைக் கண்டுபிடிக்கப் பல ஞாயிறுகள் ஆயின. கைப்பிடியையும் சற்று மெல்லிய தண்டுள்ளதாக மாற்றினாள். விரல் முழுதும் சுற்றிப் பிடித்ததும் முன்கை வலி பாதி குறைந்தது.

எஞ்சியதெல்லாம் உடலின் கல்வி. இழுக்கும்போது கையை மடக்கிப் படகோடு மல்லுக்கு நிற்பது அவள் பழைய வழக்கம். தளர்ந்து ஓடிய படகு அதைப் பொறுத்துக்கொண்டிருந்தது. உறுமும் படகு பொறுக்கவில்லை. கைப்பிடியை இடுப்பருகே தாழ்த்தி, முழங்கை நீட்டி, முழு உடலையும் படகுக்கு எதிரே ஒரே கோடாகச் சாய்க்கக் கற்றாள். இழுக்க வேண்டியது மிதவைக்கு அருகே அன்று, நடுவிலே, படகின் பின்னே எழும் அலையைக் கடக்கும் வரையில்தான் என்று கற்றாள். சுற்றும் மிதவையைப் பார்க்காமல், அதை அடைவதற்கு முன்பே எதிர்க்கரைப் பக்கத்து அடுத்த மிதவைக்குப் பார்வையைச் செலுத்தக் கற்றாள். எல்லாவற்றினும் அரிது இதுவே. கண் போன வழியே தோள் போகும், தோள் போன வழியே பலகை போகும். நாற்பது முடிந்தது. நாற்பத்துமூன்று முடிந்தது. கண்ணாடி உறையோடே இருந்தது. யார் கயிற்றில் என்று அறியாமலே ஜெகதீசன் ஓட்டினான். தொடக்கத்தில் ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் ஊகம் சொன்னான், பாதியும் தவறின. பிறகு ஊகிப்பதை நிறுத்திவிட்டான். ஒருநாள் ஆறும் முடித்து ஒருவர் வெளியேறியதும், "யாரா இருந்தா இன்னா, அருமையா இருந்திச்சு," என்றான். அது உண்மையான நாற்பத்தாறு. வெளியேறியவள் பவுன்.

அடுத்த ஆண்டுத் தேர்வாட்டம் பவனாவிலேயே நடந்தது. வெளியூரிலிருந்து இரண்டு ஓட்டுநர்களும் நடுவர்களும் வந்தனர். ஜெகதீசனும் ஓட்டுநர்களில் ஒருவன். பவுனின் மனத்தில் ஒரு முள் சில நாளாகவே இருந்தது. தன் ஓட்டத்துக்கு அவன் ஓட்டலாகாது. அவன் கையைப் பற்றிய ஐயம் இப்போது அவளுக்கு இல்லை. ஆனால் ஆறு மிதவைகளை அவள் முடித்தால், அந்த ஆறும் முழுமையாகத் தன்னுடையவை என்று தனக்கே விளங்க வேண்டும். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? அவன் புண்படுவானே என்று சொல்லாமலே காலைவரை கடத்திவிட்டாள்.

தன் பெயர் அழைக்கப்படுமுன், தலைமை நடுவர் கோகுல்நாத்திடம் சென்று தயங்கி நின்றாள். "என் முறைக்கு ஓட்டுநரை மாத்த முடியுங்களா?" என்று இந்தியில் கேட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அது காலையிலேயே மாத்தியாச்சு. உங்க வீட்டுக்காரர்தான் வந்து சொல்லிட்டுப் போனார், மனைவி ஆடும்போது நான் ஓட்ட மாட்டேன்னு."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஜெகதீசன் கரையில், ஷஃபானாவின் ஸ்கூட்டர் அருகே, யாரையும் பார்க்காதவன்போல் நின்றுகொண்டிருந்தான்.

நாற்பத்துமூன்றில் தொடங்கினாள். சென்ற ஆண்டு நாற்பத்தாறில் தொடங்கிய செருக்கு இப்போது இல்லை. அது முடிந்தது, நாற்பத்தாறும் முடிந்தது. படகு திரும்பி வந்து நின்றது. நாற்பத்தொன்பது என்று நடுவர் அறிவித்தார். கயிறு மெல்ல இறுகி அவளை நீரிலிருந்து எடுத்தது.

வாயிலில் சற்று முந்தியே நுழைந்தாள். முதல் மிதவை காலடியில் கடந்தது. சாய்ந்தாள், அறியாத ஓட்டுநரின் கைக்கு என்ஜின் உறுமிற்று. அந்த ஒலி இப்போது அவளுக்குத் துணை. இரண்டு. மூன்று. குறுகிய பலகை கத்திபோல் நீரைக் கீறி, தக்க இடத்தில் அடங்கி, திரும்பியது. நான்கு. ஐந்தாவதில் பலகையின் முனை சற்றுத் தடுக்கியது. கயிறு ஒரு கணம் தொய்ந்தது. தொய்ந்த கயிறு இறுகும்போது பிடுங்கும். அதற்குள் கையை மடக்க உடல் துடித்தது. மடக்கவில்லை. கைப்பிடியை இடுப்பருகே தாழ்த்தி, அடியை ஏற்கக் காத்திருந்தாள். பிடுங்கல் வந்தது, தோளில் ஏறாமல் உடல் வழியே பலகைக்கு இறங்கிப் போயிற்று. பிந்திவிட்டாள். ஆறாம் மிதவை மிக அருகில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அதற்கு அப்பால், கடைவாயிலைப் பார்த்தாள். பலகை மிதவையின் விளிம்பை உரசிச் சுற்றியது. இழுத்தாள். உறுமல் எழுந்தது. வாயிலின் இரு மிதவைகளுக்கும் நடுவே அவள் வெளியேறினாள்.

கரம் குவிக்கவில்லை. நேரச்சோதனை முடிந்து, படகின் வேகம் சரியே என்று நடுவர் கொடி காட்டும்வரை நீரில் அசையாமல் கிடந்தாள். கொடி ஏறிற்று. அப்போதுதான் கண்ணை மூடி, தன் தெய்வத்தை மனத்துக்குள் ஒருமுறை அழைத்தாள். ஐம்பத்திரண்டில் இரண்டு மிதவை சுற்றி, மூன்றில் விழுந்தாள். அது பற்றிக் கவலை இல்லை. அணியில் இடம் உறுதியாயிற்று.

கரையேறியவளை ஷஃபானா ஈரத்தோடு கட்டிக்கொண்டாள். "அக்கா, நீங்க போன அந்த ஓட்டத்துல இங்க ஒருத்தரு என் வண்டி ஆக்ஸிலேட்டரப் புடிச்சு முறுக்கிக்கிட்டே நின்னாரு. நீங்க ஒவ்வொரு தடவ இழுக்கறப்பவும். நல்லவேள சாவி என் கையில இருந்துச்சு. இல்லன்னா வண்டியோட ஏரிக்குள்ள போயிருப்பாரு."

பவுன் கணவனை நோக்கியபடியே ஷஃபானாவைக் கேட்டாள். "கூட்டினாரா, கொறச்சாரா?"

"ஃபுல்லாக் கூட்டிதான். கேபிள் பிஞ்சிருந்தா புதுசு அவர்தான் போடணும்."

ஜெகதீசன் துண்டை நீட்டினான்.  அடுத்த போட்டியாளருக்கு ஓட்ட அவனை அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் படகை நோக்கி நடந்தான். அவள் உடன் நடந்தாள்.

"அடுத்த வாரம் அந்தக் கண்ணாடி உறைய அவுத்துடுங்க," என்றாள்.

அவன் நின்றான். "பல்லக் கடிக்காம இழுப்பியா?"

"கடிப்பேன்," என்றாள் பவுன். "பாத்துக்கினே கூட்டுங்க."